இருபத்து மூன்று கிலோ

வெள்ளிக்கிழமை காலையில், பூக்கூடாரத்தைத் திறக்கப் போகுமுன், நெகேமியா கட்டிலுக்கடியிலிருந்து நீலப் பெட்டியை இழுப்பார். கைப்பிடியில் கொக்கித் தராசை மாட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்குவார். விமானக்காரர்கள் அனுமதித்தது இருபத்து மூன்று கிலோ. “இருபத்திரண்டே முக்கால். சரியா இருக்கு” என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு மறுபடி உள்ளே தள்ளுவார்.

“வாரா வாரம் நிறுக்கிறீங்களே, உள்ள குட்டி கிட்டி போட்டிருக்கா?” என்பாள் மனைவி சிம்ஹா.

நெகேமியாவுக்கு எழுபது வயது. பெரிய மீசை, காதில் எப்போதும் ஒரு பென்சில். நெகேவ் பாலைவனத்து மணலில் கார்னேஷன் பூ வளர்த்தே இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தவர். எங்கள் விவசாயக் கிராமமான மோஷாவில் பாதிப்பேர் கொச்சிப் பக்கத்திலிருந்து வந்த யூதர்கள்தான். அவருக்குச் சேந்தமங்கலம். ஐந்து வயதில் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். அம்மா வரவில்லை. புறப்பட இரண்டு மாதம் இருக்கையில் காய்ச்சலில் போய்விட்டாள். பெயர் பொறித்துக் கல் நடுவதற்குக்கூட நேரமில்லை. ஊர்க் குன்றுச் சரிவிலிருந்த இடுகாட்டில் எது அவள் கல்லறை என்று தெரிந்த ஒரே ஆள், அன்று பதினோரு வயதாயிருந்த அக்கா ராகேல்.

“முகந்தான் ஞாபகத்துல இல்ல. இடமாவது இருக்கட்டுமே” என்பார் நெகேமியா.

அக்காவும் தம்பியும் சேர்ந்து போவதாக இரண்டாயிரத்து இருபது மார்ச்சுக்கு டிக்கெட் எடுத்தார்கள். பழைய வீட்டில் இப்போது குடியிருக்கும் பாப்பச்சனின் பேரப்பிள்ளைகளுக்கு நாலு டப்பா பிஸ்கட், பேரீச்சம்பழம், மாற்றுத் துணி, எல்லாம் பெட்டிக்குள் போயிற்று. கடைசியாக ஒரு கைக்குட்டையில் சுற்றிய கல். எங்களில் கல்லறைக்குப் பூ வைக்கும் வழக்கம் கிடையாது. வந்துபோனேன் என்று ஒரு கல் வைப்போம். ஆயுசு முழுக்கப் பூ வளர்த்த மனிதர், வறண்ட ஓடையில் அரைநாள் அலைந்து அம்மாவுக்காகப் பொறுக்கிய கல் அது.

புறப்பட மூன்று நாள் இருக்கும்போது கொரோனா வந்து வழியை அடைத்தது.

அடுத்த மாதமே பெசக் பண்டிகை. அந்த ஏழு நாளும் எங்கள் வீடுகளில் ரொட்டி, பிஸ்கட் என்று ஒரு துணுக்கு இருக்கக்கூடாது. தின்று தீர்க்கவேண்டும், இல்லையென்றால் வேற்று மதத்துக்காரர் யாருக்காவது விற்றுவிட வேண்டும். சிம்ஹா துடைப்பமும் கையுமாகக் கட்டிலுக்கு முன்னால் வந்து நின்றாள்.

“பெட்டியத் திறங்க. உள்ள பிஸ்கட் இருக்கு.”

“திறக்கமாட்டேன். திறந்தா போகலன்னு அர்த்தம்.”

“கடவுளோட சட்டத்தைவிட உங்க பெட்டி பெருசா?”

கடைசியில் எங்கள் மதகுரு ரபீ வந்து பஞ்சாயத்து செய்தார். எங்கள் ஊர்ப் பண்டங்களைப் பண்டிகைக்குக் காகிதத்தில் எழுத்தளவில் மட்டும் வாங்கி, முடிந்ததும் திருப்பிக் கொடுக்கிறவர் டிராக்டர் மெக்கானிக் சலீம். அவர் பட்டியலில் நீலப் பெட்டியும் ஏறியது. மறுநாளே சலீம் போன் செய்தார். “அண்ணே, ஏழு நாளைக்கு அது என் பெட்டி. எனக்குத் தெரியாம இந்தியாவுக்குக் கொண்டுபோயிடாதீங்க!” அன்றைக்கு நெகேமியா கண்ணில் நீர் வரச் சிரித்தார். அப்படிச் சிரித்து நாளாகியிருந்தது.

ஊரடங்கில் தினமும் அக்கா வீட்டு வேலிக்கு வெளியே போய் நிற்பார். ராகேல் ஜன்னலில்.

“அக்கா, இன்னொரு தரம் சொல்லு.”

“எத்தன தரம்டா? பலாமரத்துலேர்ந்து கீழ்ப்பக்கமா மூணாவது.”

காதுப் பென்சிலை எடுத்து, பூக்கட்டும் காகிதத்தில் படம் போட்டுக்கொள்வார். அடுத்த பெசக்கிலும் பெட்டி சலீமுக்குப் போய்த் திரும்பியது. அதற்குள் மூணாவது நாலாவதாகிவிட்டது. ஒருநாள் கீழ்ப்பக்கம் மேல்பக்கமாயிற்று. நெகேமியா அக்கா சொன்னதையெல்லாம் வரைந்து வைத்தார். பீரோவில் பதினெட்டுப் படங்கள் சேர்ந்தன, ஒன்றைப்போல ஒன்றில்லை.

மூன்றாம் வருஷம், ஒரு புதன்கிழமை, இந்தியா மறுபடி விசா கொடுக்கிறது என்று செய்தி வந்தது. கையில் பூ வெட்டும் கத்தரியோடு அக்கா வீட்டுக்கு ஓடினார்.

“அக்கா, வழி திறந்தாச்சு! அம்மாகிட்டப் போறோம்!”

ராகேல் உதட்டில் விரலை வைத்தாள். “கத்தாதடா. அம்மா இப்பதான் உள்ள படுத்தா.”

கொஞ்ச நேரம் அவள் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார். வந்ததும் பெட்டியை இழுத்து முதல்முறையாகத் திறந்தார். பிஸ்கட்டை எடுத்தார், பேரீச்சம்பழத்தை எடுத்தார். பூ வாளியோடு ஓடைக்குப் போய், கூழாங்கல்லாக நிரப்பிக்கொண்டு வந்து பெட்டிக்குள் அடுக்கினார்.

“எதுக்கு இத்தன?” என்றாள் சிம்ஹா.

“அங்க எத்தன பேர் படுத்திருக்காங்களோ. எல்லாருக்கும் ஒண்ணொண்ணு வெச்சிட்டா, அதுல அம்மாவும் வந்திடுவா இல்ல?”

சிம்ஹா தராசை எடுத்து அவளே மாட்டினாள். இருவருமாகத் தூக்கினார்கள். இருபத்தைந்து.

நெகேமியா பெட்டிக்குள் கையை விட்டார். கற்களைத் தொடவில்லை. தன் சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டில்மேல் வைத்தார்.