மாமாவைத் தேடிய பெடியன்

மாமா அந்த வீடியோக் கசெற்றை வெட்டிய பின்னேரம் எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. முற்றத்தில் குந்தியிருந்து, அதன் கறுப்பு நாடாவைக் கை நீளத்துக்கு இழுத்து இழுத்து, வலை வெட்டுகிற சின்னக் கத்தியால் அறுத்துக்கொண்டிருந்தார். குருநகரில் கடற்காற்று சும்மா இருக்காது. அறுந்த துண்டுகளை அள்ளிக்கொண்டு போய் வேலியில் மாட்டியது. தம்பி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதான். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. சின்னப் பிள்ளைகள் பார்க்கிற யப்பான் படம் ஒன்றின் மேல் ஒரு வளர்ந்த மனிதருக்கு அப்படி என்ன வன்மம் என்று நினைத்தேன். அதுவும் எங்கள் மாமாவுக்கு. கோழிக்குஞ்சைக் கூட அதட்டாமல் கையால் ஏந்தி அப்பால் விடுகிறவர் அவர்.

அவர் அம்மாவின் ஒரே தம்பி. கப்பலில் இயந்திர அறையில் வேலை. வருடத்தில் ஒரு தடவை வருவார், சவர்க்காரமும் சொக்கிளேற்றும் கொண்டு வருவார், திரும்பிப் போவார். கப்பல் பழுது பார்க்க நின்றபோது யப்பானில் மாதக் கணக்கில் கரையில் இருந்திருக்கிறார். அந்த நாட்டுப் பாசையும் கொஞ்சம் பிடிபட்டிருந்தது. மீனுக்கு என்ன, தண்ணீருக்கு என்ன என்று நாங்கள் கேட்கக் கேட்கச் சொல்லுவார். நாங்கள் திருப்பிச் சொல்லிப் பார்த்து விழுந்து விழுந்து சிரிப்போம். அப்பா தம்பி பிறப்பதற்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டார். அதனால் மாமா வருகிற நாட்கள் எங்கள் வீட்டுக்குப் பெருநாள் மாதிரி.

எண்பத்து மூன்று ஆடியில் அவருடைய கப்பல் கொழும்புக்கு வருவதாக இருந்தது. கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று அம்மா முதலே புறப்பட்டுப் போய், தெரிந்த ஒரு குடும்பத்துடன் தங்கினா. கப்பல் பிந்தியது. அதற்குள் தமிழருக்கு எதிரான கலவரம் தொடங்கிவிட்டது. நாங்கள் பெரியம்மாவின் வீட்டில் வானொலிக்குப் பக்கத்திலேயே கிடந்தோம். பிறகு அகதிகளை ஏற்றிக்கொண்டு காங்கேசன்துறைக்குக் கப்பல் வருகிறது என்று கேள்விப்பட்டு, பெரியம்மா எங்கள் இருவரையும் இழுத்துக்கொண்டு போனா. இறங்கியவர்களில் பாதிப் பேருடைய காலில் செருப்பில்லை. ஒரு பெண் தலையணை ஒன்றை மட்டும் கட்டிப் பிடித்தபடி வந்தா. மாமா கடைசியாக வந்தவர்களோடு வந்தார். யாருடையதோ தொளதொளத்த சேட், தோளில் ஒரு பை. தம்பிக்கு அப்போது மூன்று வயது. அவன் மாமாவைப் பார்க்கவில்லை. மாமாவுக்குப் பின்னால் வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றான். அம்மா எங்கே என்று நான் கேட்டேன்.

"வீட்டை போவம், பிள்ளை" என்றார் மாமா.

மாமா கொழும்பில் இறங்கிப் போனபோது அம்மா தங்கியிருந்த வீடு எரிந்து கிடந்ததாம். உள்ளே யார் இருந்தார்கள், யார் தப்பி ஓடினார்கள் என்று சொல்ல அந்த ஒழுங்கையில் ஆளில்லை. முகாம் முகாமாகத் தேடியிருக்கிறார், ஆஸ்பத்திரிகளுக்கும் போயிருக்கிறார். இதெல்லாம் அவர் பெரியம்மாவுக்குச் சொன்னதை நான் அடுக்களைச் சுவரோடு ஒட்டி நின்று கேட்டவை. எங்களுக்கு அவர் எதுவும் சொல்லவில்லை. தான் வராவிட்டால் அக்கா கொழும்புக்குப் போயிருக்கவே மாட்டா என்று மட்டும் பெரியம்மாவிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். அவ என்ன சமாதானம் சொன்னாலும் அது அவருக்கு ஏறவில்லை.

அந்தப் பைக்குள்தான் கசெற் இருந்தது. கலவரத்துக்கு முன்பே எங்களுக்கென்று வாங்கியது. யப்பானில் சிறுவர்களுக்காக ஒரே கூட்டாளிகளை வைத்து வருடம் ஒன்றாக எடுத்துக்கொண்டே இருக்கிற கேலிச்சித்திரப் படங்களில் ஒன்று. எங்கள் தெருவில் இன்னொரு கப்பல்காரர் வீட்டில் ரீவியும் கசெற் ஓட்டுகிற டெக்கும் இருந்தன. யப்பான் கசெற் அந்த டெக்கில் நிறமில்லாமல்தான் ஓடும், எங்களுக்கு அது கறுப்பு வெள்ளைப் படம். குடை பிடித்த ஒரு நீர்நாயும் நாலு பிள்ளைகளும். நீர்நாய் குடையைச் சுழற்றினால் வானத்தில் வழி திறக்கும். அங்கே புயலில் அகப்பட்டு வீட்டை விட்டு வந்துவிட்ட ஒரு வானத்துப் பிள்ளையைக் காணுவார்கள், தலையில் சின்னக் கொம்பு முளைத்த பிள்ளை. அவனை வீட்டில் சேர்க்கப் போகிற பயணம்தான் படம். கல் பூதம் வரும், தலைகீழாக ஓடும் ஆறு வரும். ஒரு சொல்லும் யாருக்கும் விளங்காது. ஆனால் கொம்புப் பிள்ளை எல்லா இடத்திலும் ஒன்றையே சொல்லிக் கத்துவான். அது எங்கள் எல்லோருக்கும் தெளிவாகக் கேட்டது.

"மாமா! மாமா!"

"அவன் மாமாவைத் தேடுறான்" என்று தம்பி எழும்பி நின்று கூவினான். வீடு கொள்ளாத சனம் சிரித்தது. பாவம், யப்பானிலும் தாய்மாமன் இல்லாமல் ஒன்றும் நடக்காதாக்கும் என்று யாரோ பகிடி விட்டார்கள். மாமா மட்டும் சிரிக்கவில்லை. தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். காங்கேசன்துறையால் வந்த நாளிலிருந்து அந்தப் பிள்ளை வாய் திறந்து கூவியது அதுதான் முதல் தடவை.

"ஓம் ராசா" என்றார் பிறகு. "மாமாவைத்தான் தேடுறான்."

அன்றைக்குப் படம் முடியவில்லை. கொம்புப் பிள்ளை தூரத்தில் தன் வீட்டு வெளிச்சத்தைக் கண்டு ஓடத் தொடங்குகிற இடத்தில் மாமா எழுந்து டெக்கை நிற்பாட்டினார். அதற்கு அங்கால் நாடா பழுது, ஓடவிட்டால் டெக் கெட்டுப்போகும் என்றார். பிறகு எத்தனை தடவை போட்டாலும் அந்த இடத்திலேயே நிற்பாட்டிவிட்டு, மிச்சக் கதையை அவரே வாயால் சொன்னார். வீட்டு வாசலில் அவனுடைய மாமா விளக்கோடு நிற்கிறார், தூக்கிக்கொண்டு உள்ளே போகிறார், சாப்பாடு கொடுக்கிறார். ஒரு நாள் புட்டும் மீன் குழம்பும் கொடுப்பார், இன்னொரு நாள் கூழ் கொடுப்பார். கூழ் காய்ச்ச வானத்தில் எங்கே பனங்கிழங்கு ஒடியல் மா என்று நான் குறுக்குக் கேள்வி கேட்பேன். தம்பி என்னை முறைப்பான்.

அதற்குப் பிறகு அவன் அம்மாவைக் கேட்பது குறைந்தது. அந்தப் படமே அவனுக்கு விளையாட்டாகிப் போனது. காயப் போட்டிருக்கும் வலைகளுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டு "மாமா!" என்று கத்துவான். மாமா "வாறன், வாறன்" என்று குரல் கொடுத்தபடி ஓடிப்போய்த் தூக்கவேண்டும். சற்றுப் பிந்தினாலும் அவனுடைய குரல் மாறிவிடும். விளையாட்டு போய்விடும், உண்மைப் பயம் வந்துவிடும். கப்பல் கம்பனி திரும்பிவரச் சொல்லி ஆள் அனுப்பியபோது மாமா போகத்தான் முடிவெடுத்தார். எங்களைப் பெரியம்மாவிடம் விடுவதென்று பேச்சாகியிருந்தது. பையும் கட்டி வாசலில் வைத்தாயிற்று. காலையில் வலைக்குப் பின்னால் இருந்து அந்தக் கத்தல் வந்தது. மாமா பையைப் பார்த்தார், வலையைப் பார்த்தார். அடுத்த மாதம் போகிறேன் என்று பெரியம்மாவிடம் சொன்னார். அந்த அடுத்த மாதம் வரவேயில்லை. படகுகளின் இயந்திரங்களைத் திருத்திக்கொண்டு குருநகரிலேயே இருந்துவிட்டார். கலியாணமும் கட்டவில்லை.

எனக்கு அந்த விளையாட்டுப் பிடிக்கவில்லை. நான் அவனைவிட நாலு வயது மூத்தவள், எனக்கு ஒரு பதில் வேண்டியிருந்தது. அம்மா இருக்கிறாவா, இல்லையா? பெரியம்மா செத்தவர்களுக்குக் கொடுக்கிற ஆத்துமப் பூசை ஒன்று கொடுத்துவிடுவோம் என்று வருடா வருடம் கேட்பா. கண்ணால் காணாமல் செத்தவளென்று சொல்லி அக்காவின் பெயரைப் பங்குச் சுவாமியிடம் கொடுக்கமாட்டேன் என்று மாமா மறுத்துவிடுவார். அப்படியென்றால் இருக்கிறா என்று சொல்லுங்கள் என்று நான் ஒரு நாள் நேருக்கு நேர் கேட்டேன்.

"தெரிஞ்சால் உனக்குச் சொல்லமாட்டனே, பிள்ளை?" என்றார். அவருடைய கண்ணைப் பார்த்த பிறகு நான் மறுபடி கேட்கவில்லை.

தம்பிக்கு எட்டோ ஒன்பதோ ஆனபோதுதான் அந்தச் சம்பவம் நடந்தது. அந்தக் கப்பல்காரர் வீட்டுக்குப் புது டெக் வந்திருந்தது. பழுதான நாடாவையும் இது ஓட்டும் என்று அந்த வீட்டுப் பெடியன் பெருமையடித்தான். மாமா வேலைக்குப் போன நேரம் தம்பி கசெற்றை எடுத்துக்கொண்டு போனான், நானும் பின்னால் போனேன். வழமையாக நிற்கிற இடம் வந்தது. நாடா நிற்கவில்லை. பழுதும் இல்லை, ஒரு கோடு கூட விழவில்லை. கொம்புப் பிள்ளை ஓடினான், படிகளில் ஏறினான், "மாமா" என்று கத்தினான். கதவு மெல்லத் திறந்தது. உள்ளே வெளிச்சத்தில் யாரோ நிற்பது நிழலாகத் தெரிந்த அந்தக் கணம் ரீவி அணைந்தது. மாமா பிளக்கைக் கையில் பிடித்தபடி நின்றார். தெருவால் சைக்கிளில் வந்தவருக்குப் படத்தின் பாட்டுக் கேட்டிருக்கிறது. மூச்சு வாங்கியது, முகம் வெளிறியிருந்தது. கசெற்றை எடுத்துக்கொண்டு எங்களை வீட்டுக்கு நடத்தினார். பிறகுதான் முற்றத்தில் குந்தினார், கத்தியை எடுத்தார்.

"முடிவு நான் சொன்னதுதான்" என்றார் அறுத்து முடித்துவிட்டு. "அதுக்கு அங்காலை ஒண்டும் இல்லை."

தம்பி அவரோடு கொஞ்ச நாள் கதைக்காமல் இருந்தான். பிறகு பிள்ளைகள் மறப்பது மாதிரி மறந்துவிட்டான். நான் மறக்கவில்லை. பழுதென்று ஏன் பொய் சொன்னார் என்ற கேள்வி எனக்குள் முள்ளாகவே கிடந்தது. காலம் வேறு பிரச்சினைகளைக் கொண்டு வந்தது. கரன்ட் போனது, ரீவி மேசை விரிப்புப் போட்டு மூடுகிற சாமானானது. தொண்ணூற்று ஐந்தில் இராணுவம் நெருங்கி வர, ஊரே எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது, சைக்கிளில் மூட்டைகளைக் கட்டித் தள்ளிக்கொண்டு வந்த மாமா, சன நெரிசலில் நிமிடத்துக்கு ஒரு தடவை திரும்பித் தம்பியைப் பார்ப்பார். அவனுக்கு மீசை அரும்பிவிட்ட காலம் அது. அப்போதும் அவனுக்கு ஒரு பயம் வந்தால் வாயில் வருகிற சொல் மாமாதான்.

தம்பி கனடா போய் வருடங்களாகிவிட்டன. மாமாவும் கண்ணை மூடிவிட்டார். அம்மாவைப் பற்றிக் கடைசிவரை எந்தத் தகவலும் இல்லை. போன மாதம் ஒரு காலை தம்பி தொலைபேசியில் கூப்பிட்டான். குரல் சரியில்லை. மகள் பழைய யப்பான் படம் ஒன்றைக் கொம்பியூட்டரில் பார்த்துக்கொண்டிருந்தாளாம். குடை பிடித்த நீர்நாய். கொம்புப் பிள்ளை நல்ல மஞ்சள் நிறமாம், நாங்கள் அவனை வெள்ளை என்றே நினைத்திருந்தோம். கீழே ஆங்கிலத்தில் எழுத்து ஓடியிருக்கிறது. தம்பி கடைசிவரை இருந்து பார்த்திருக்கிறான்.

"அக்கா, கதவைத் திறக்கிறது மாமா இல்லை" என்றான். "அம்மா. அவன்ரை அம்மா. யப்பான் பிள்ளையள் தாயைத்தான் மாமா எண்டு கூப்பிடுறவையாம்."

 இத்தனை வருடமும் நெஞ்சில் இருந்த கோபம் ஒரே நொடியில் அவமானமாகவும் துக்கமாகவும் மாறியது. யப்பானில் மாதக் கணக்கில் இருந்தவருக்கு அந்தச் சொல் தெரியாமல் இருந்திருக்குமா? சனம் சிரித்தபோது அவர் மட்டும் ஏன் சிரிக்கவில்லை என்று இப்போது விளங்கியது. தாயை இழந்த பிள்ளை தானாகவே பிடித்துக்கொண்ட ஒரு பிழையை, அது உடையாமல் காப்பாற்றத்தான் அந்த மனிதர் பொய் சொன்னார், கத்தியும் எடுத்தார். படத்தில் அந்தத் தாய் வாசலுக்கு வந்து பிள்ளையை அள்ளுவதை எங்கள் இருவரையும் பார்க்க வைக்க அவரால் முடியவில்லை.

 மறுமுனையில் தம்பி மெதுவாகக் கேட்டான்.

"நான் நாள் முழுக்க மாமா, மாமா எண்டு பின்னாலை திரிஞ்சனான். அந்த மனுசன்ரை காதிலை அது என்னெண்டு விழுந்திருக்கும், அக்கா?"

அவனுக்கும் பதில் தெரியும், எனக்கும் தெரியும். அக்காவைக் கொழும்புக்கு இழுத்தது தன்னுடைய கப்பல்தான் என்று நினைத்தே வாழ்ந்த மனிதரை, நாங்கள் வளர்ந்து பெரியவர்களாகும்வரை வாய் நிறைய, அவர் காதில் அம்மா என்று விழும்படியே கூப்பிட்டிருக்கிறோம். ஒரு தடவை தவறாமல் அவரும் வாறன், வாறன் என்று சொல்லிக்கொண்டு ஓடி வந்திருக்கிறார்.