ஏற்றத்தில் ஏசியை அணைத்த கை

காதர் ராவுத்தர் இறந்த செய்தி எனக்கு ஒரு படமாக வந்தது. கொழிஞ்சாம்பாறையில் என் ஷெட்டில், ஒரு காரின் டேஷ்போர்டைக் கழற்றி அதற்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தேன். போனில், டிரைவர்களின் வாட்ஸ்அப் குழுவில் படம் வந்து விழுந்தது. வெள்ளைச் சட்டையில் ராவுத்தர் சிரிக்கிறார். கீழே பெரிய எழுத்தில், "எங்கள் குடும்பத்தில் ஒருவர். விருந்தினர் வசதியே உயிர்மூச்சாக வாழ்ந்தவர்." அனுப்பியவர் டிராவல்ஸ் முதலாளி. நெஞ்சுவலி, ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே முடிந்துவிட்டது என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. இதை எழுதும்போதும் அதுதான் இருக்கிறது.

உங்களில் பலர் அவரோடு வண்டி ஓட்டியவர்கள். அந்த முதலாளி இரண்டு வருடத்துக்கு முன் அவரை வெளியே அனுப்பியது உங்களுக்குத் தெரியும். ஏசியை அணைத்து டீசல் திருடினார் என்பதுதான் காரணம் என்றும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது பொய். அந்தப் பொய் நிலைத்து நிற்க முட்டுக் கொடுத்தவன் நான்.

மளிகைக் கடைக் குடும்பத்தில் பிறந்தவர் ராவுத்தர். அண்ணனும் தம்பியும் கடையில் உட்கார்ந்தார்கள். இவருக்கு ஓரிடத்தில் உட்கார்ந்தால் கால் மரத்துப்போகும். டிரைவர் சீட்டில் மட்டும் நாள் முழுக்க உட்காருவார். கோபாலபுரம் சோதனைச்சாவடி தாண்டி, பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு, மறையூர் வழியாக மூணாறு வரை அவருக்குத் தெரியாத வளைவு கிடையாது. கார் ஏசி மெக்கானிக்கான என்னைக் 'குளிர் டாக்டர்' என்றுதான் கூப்பிடுவார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ஆனால் கேலியில் வயது பார்க்க மாட்டார்.

ஒருமுறை மூணாற்றில் நின்றுபோன ஒரு வண்டியைச் சரிசெய்ய அவருடைய வண்டியில் போனேன். ஏழு பேர் ஏறுகிற வண்டி, சின்ன என்ஜின், மேலே கட்டிய பெட்டிகள். சின்னாறு தாண்டி ஏற்றத்தில், முன்னால் மூங்கில் லாரி ஒன்று முனகிக்கொண்டு போனது. ராவுத்தர் ஒலியெழுப்பி, வண்டியை வலப்பக்கம் எடுத்து, ஆக்சிலேட்டரை அழுத்தினார். வண்டி சத்தம் போட்டதே தவிர நகரவில்லை. சட்டென்று பின்வாங்கி லாரிக்குப் பின்னாலேயே ஒதுங்கிவிட்டார். அடுத்த நேர்ச்சாலையில் அவருடைய இடது கை கியருக்குப் போவதற்கு முன் ஏசி சுவிட்சுக்குப் போனது. அணைத்தார், கியரைக் குறைத்தார், அழுத்தினார். பின்னாலிருந்து யாரோ தள்ளிவிட்டதுபோல என் முதுகு சீட்டில் ஒட்டியது. லாரியைத் தாண்டியதும் ஏசியைத் திரும்பப் போட்டார். பின்சீட்டில் யாருக்கும் வியர்த்திருக்காது.

"மொத தடவ வேணும்னேதான் போட்டுட்டே அழுத்துனேன், உனக்குக் காட்ட. பாத்தயா, உன்ற குளிரு எத்தன தின்னுதுன்னு" என்றார்.

அவர் காட்டியது எனக்குப் பாடத்தில் படித்த விஷயம்தான். ஏசியின் கம்ப்ரஸரை பெல்ட் போட்டு என்ஜின்தான் சுற்றுகிறது. குளிர் சும்மா வருவதில்லை, சக்கரத்துக்குப் போக வேண்டிய இழுவையில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டுதான் வருகிறது. பெரிய என்ஜின் என்றால், சமதளம் என்றால், தெரியாது. சின்ன என்ஜின், முழுப் பாரம், ஏற்றம் மூன்றும் சேர்ந்தால் காலில் தெரியும். எதிரே பஸ் வரும்போது அந்தக் கொஞ்சம் இழுவைதான் உயிர். "ஏத்தத்துல வண்டிகிட்ட ரெண்டு வேல சொல்லக்கூடாது" என்பார் அவர்.

பிறகு ஒரு கோடைகாலம். சென்னையிலிருந்து வந்த குடும்பம் ஒன்று அவருடைய கையையே பார்த்துக்கொண்டு வந்திருக்கிறது. அணைக்கிறார், போடுகிறார், அணைக்கிறார். ஏன் என்று அவரிடம் கேட்கவில்லை. நேராக முதலாளிக்குப் புகார் எழுதிப் பராதி சொல்லிவிட்டார்கள், டிரைவர் ஏசியை அணைத்து டீசல் மிச்சம் பிடித்து விற்கிறார் என்று. மறுநாள் முதலாளி ராவுத்தரையும் என்னையும் ஆபீசுக்குக் கூப்பிட்டார். ராவுத்தர் நடந்ததைச் சொன்னார். நம்பவில்லையென்றால் மணியைக் கேளுங்கள் என்று என் பக்கம் கையைக் காட்டினார். அவ்வளவு நம்பிக்கை.

முதலாளி என்னிடம் கேட்டார். "ஏசி ஓடுனா வண்டி இழுக்காதா, மணி? அப்படீன்னா நாளைக்கு எல்லா டிரைவரும் அணைப்பான். கெஸ்டு யாரு வருவான்?"

அவருக்கு வேண்டிய பதில் கேள்விக்குள்ளேயே இருந்தது. அவருடைய எல்லா வண்டிகளும் அப்போது என் ஷெட்டுக்குத்தான் வந்துகொண்டிருந்தன. நான் தரையைப் பார்த்துக்கொண்டு, "இந்தக் காலத்து என்ஜினுங்க. பெருசா வித்தியாசம் தெரியாதுங்க" என்றேன்.

ராவுத்தர் என்னைப் பார்த்தார். கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன். அவர் வண்டிச் சாவியை மேஜைமேல் வைத்து, "டாக்டரே சொல்லிட்டாருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனார்.

அதற்குப் பிறகு அவர் காய்கறி ஏற்றுகிற மினி வேன் ஓட்டினார். திருடன் என்று பேரெடுத்தவனை வேறு எந்த டிராவல்ஸும் எடுக்கவில்லை. சொந்த அண்ணன் தம்பியே கடைச் சரக்கெடுக்க அவரைக் கூப்பிடாமல் வேறு வண்டி வைத்தார்கள். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த சீசனில் அதே வண்டி, அதே ஏற்றம், புது டிரைவர். ஏசியை அணைக்கவே கூடாது என்பது அவனுக்கு முதலாளி போட்ட கட்டளை. லாரியைத் தாண்டும்போது பாதியில் இழுவை போய், எதிரே பஸ் வந்து, ஒதுங்கிய வேகத்தில் ஓரக் கைப்பிடிச் சுவரை உரசிக்கொண்டு நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. முதலாளி அன்று என் ஷெட்டுக்கே வந்துவிட்டார். ஆக்சிலேட்டரை முழுக்க அழுத்தினால் ஏசி தானாக நின்று, காலை எடுத்தால் திரும்ப ஓடும்படி ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டார். சில வண்டிகளில் கம்பெனியே அப்படிச் செய்து அனுப்புவதை யாரோ சொல்லியிருக்கிறார்கள். முடியும் என்றேன். பெடலுக்கு அடியில் ஒரு சின்ன சுவிட்ச், இரண்டு ஒயர். மாலைக்குள் வேலை முடிந்தது.

யோசித்துப் பாருங்கள். ராவுத்தர் சொன்னது சரி என்று அந்த முதலாளிக்கு அன்று தெரிந்துவிட்டது. தெரிந்ததால்தான் சுவிட்ச் வைக்கச் சொன்னார். ராவுத்தருக்கு ஒரு போன் போட்டு, "காதரே, தப்பாகிவிட்டது" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லவில்லை. சரி, அவர்தான் முதலாளி. சுவிட்சைப் பொருத்திய எனக்கு என்ன கேடு? ராவுத்தரின் ஊடு என் ஷெட்டிலிருந்து நடந்து போகிற தூரம்.

அவரே ஒருநாள் வந்தார், வேனுக்கு ஹாரன் மாற்ற. அந்த வண்டி கதவு திறந்தபடி நின்றிருந்தது. குனிந்து பெடலுக்கு அடியில் பார்த்தார். ஒயரை விரலால் தடவினார்.

"காலுக்கடியில வெச்சுட்டயாப்பா? நான் கையில பண்ணுனதத்தான?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் கூடச் சிரித்தேன். மன்னிப்புக் கேட்க வேண்டிய இடத்தில் பல்லைக் காட்டிய அந்த முகத்தை நினைத்தால் எனக்கே அறையத் தோன்றுகிறது.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் அவர் ஊட்டுக்குப் போனேன். அவருடைய மனைவி, கணவனை இழந்தவர்கள் தனித்திருக்கிற இத்தாவில் இருந்தார், வெளி ஆண்கள் முன்னால் வருவதில்லை. முன்னறையில் உட்கார்ந்திருந்தேன். நான் வந்திருப்பதைச் சொன்னதும் திரைக்குப் பின்னாலிருந்து அவர் குரல் வந்தது.

"ஏனுங்க, ஏசி போட்டா ஏத்தத்துல இழுவ கொறையுமுங்களா, கொறையாதுங்களா?"

அண்ணனும் தம்பியும் அங்கேதான் இருந்தார்கள்.

"கொறையுமுங்க. அவுரு சொன்னதுதான் நெசமுங்க. நாந்தான் மாத்திச் சொன்னேன்" என்றேன்.

பிறகு அவர் நிதானமாகச் சொன்னார். "அவுரு உங்களப் பத்தி ஒரு வார்த்த தப்பாச் சொன்னதில்லீங்க. புள்ள குட்டிக்காரன், பயந்துட்டான்னுதான் சொல்லுவாரு."

அதாவது, எல்லாம் தெரிந்துதான் அன்று சிரித்திருக்கிறார். திட்டியிருந்தால் கணக்குத் தீர்ந்திருக்கும். அவர் அதையும் எனக்குத் தரவில்லை.

வெள்ளிக்கிழமை ஸ்டாண்டில் அஞ்சலிக் கூட்டம் வைத்திருக்கிறார்கள். முதலாளி தலைமை தாங்குகிறாராம். நானும் நாலு வார்த்தை பேச வேண்டுமென்று ஆளனுப்பினார். வருவதாகச் சொல்லியிருக்கிறேன். அந்த வண்டியையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். எல்லோர் முன்னாலும் கதவைத் திறந்து, பெடலுக்கு அடியில் இருப்பதைக் காட்டி, அது முதலில் யாருடைய கை செய்த வேலை என்று சொல்லப்போகிறேன். அதற்குப் பிறகு முதலாளியின் வண்டிகள் என் ஷெட்டுக்கு வராது. வர வேண்டாம்.

ராவுத்தரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொள்வது 'குறையும்' என்கிற அந்த ஒரே ஒரு பதிலைத்தான். அவர் என்னிடம் கேட்டதும் அது ஒன்றைத்தான். அவர் என் பக்கம் கை காட்டி நின்றபோது அது என் வாயில் இருந்தது.