கோழிச் சத்தம் கேட்காத குரூப்

அம்சவள்ளி கைப்பேசியில் எழுதமாட்டாள், பேசுவாள். நாற்றுப் பண்ணையில் செம்பனைக் கன்றுகளுக்கு மண் நிரப்புகிற கைக்கு எழுத்துத் தட்டிக்கொண்டிருக்க ஏது நேரம்? விரலை அழுத்தி, "சிஸ்டர், நாளைக்குப் பிள்ளைங்க கலர் சட்டை போடணுமா லா?" என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்ப்பாள். பின்னால் கோழி கத்தும், லோரி உறுமும். அவள் பிறந்து வளர்ந்த தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் எல்லாருக்கும் அதுதான் பழக்கம். தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் குரூப்பிலும் தோட்டத்துக் குடும்பங்கள் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தன. இதில் யார் குடி முழுகிப் போயிற்று?

விஜயராணிக்கு முழுகிப் போயிற்று. குரூப்பை நடத்துகிறவள் அவள்தான். கோல சிலாங்கூர் டவுனில் பேங்க் வேலை. அவளும் அதே லயத்தில் பிறந்தவள், தோட்டத்து ஆட்களை வேலை வாங்கிய மண்டோர் மகள். ஆனால் குரூப்பில் இறங்கினால் "டியர் பேரண்ட்ஸ், கைண்ட்லி டேக் நோட்" என்றுதான் இறங்குவாள். டவுன்காரர்கள் பதிலுக்கு "நோட்டட்" என்பார்கள். அந்த ஒரு சொல்லைத் தட்டிவிட்டால் பெரிய மனுஷராகிவிடலாம் போலிருக்கிறது!

அம்சவள்ளியின் மகள் நித்தியா மாவட்ட ஓட்டப்பந்தயத்துக்குத் தேர்வானாள். ஆறாம் வகுப்பு, பள்ளிக்காக ஓட இதுதான் கடைசி வாய்ப்பு. மாலை தவறாமல் செம்மண் சாலையில் பிள்ளை ஓடுவாள், தாய் மோட்டார் சைக்கிளில் பின்னால் போவாள். பிள்ளைகளை அவரவர் பெற்றோரே திடலுக்குக் கூட்டிவர வேண்டும் என்று ஏற்பாடு.

சனிக்கிழமை காலை இருவரும் எல்லாரும் பாடாங் என்று சொல்லும் கோல சிலாங்கூர் திடலில் போய் நின்றார்கள். திடல் முழுக்கத் தண்ணீர். ஒரு ஈ காக்கை இல்லை. அம்சவள்ளி பதறிப்போய் விஜயராணியைக் கைப்பேசியில் கூப்பிட்டாள்.

"பாடாங் மாறிடுச்சே, தஞ்சோங் காராங்ல நடக்குது. நேத்தே குரூப்ல போட்டேனே."

"எந்தக் குரூப்புல?"

விஜயராணி இணைப்பைத் துண்டித்துவிட்டாள். மோட்டாரை விரட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது நித்தியாவின் ஓட்டம் முடிந்திருந்தது. அங்கிருந்த ஒரு தாய் தன் கைப்பேசியைக் காட்டினாள். விஜயராணி தனியாக ஒரு குரூப் தொடங்கியிருக்கிறாள். உள்ளே எல்லாம் டவுன்காரர்கள். லயத்து வீடு ஒன்றுகூட இல்லை. வாய்ஸ் மெசேஜ் தொல்லை இனி இருக்காது என்று முதல் வரியிலேயே எழுதி வைத்திருந்தாள் மகராசி. தொல்லையாம், தொல்லை!

திரும்பும் வழியில் அம்சவள்ளி மோட்டாரை ஓரங்கட்டிவிட்டுக் கைப்பேசியை எடுத்தாள். அழுதுகொண்டிருந்த நித்தியா அவள் கையைப் பிடித்தாள்.

"வேணாம்மா, நீ பேசாத. உன் பேச்சக் கேட்டு அவங்க சிரிக்கிறாங்க. நான் இங்கிலீஷ்ல டைப் பண்ணித் தரேன்."

ஓட்டம் போனதுகூட ஒரு பக்கம். பெற்ற பிள்ளைக்கே தாயின் பேச்சு அசிங்கமாகிவிட்டதே! அம்சவள்ளி மகளின் கையை விலக்கிவிட்டுப் பழைய குரூப்பில் பேசினாள்: "நான் நித்தியா அம்மா பேசுறேன். எம்பேச்சு பிடிக்கலன்னா எங்கிட்ட சொல்லுங்க. எம்பிள்ள உங்கள என்ன லா பண்ணுச்சு?"

கொஞ்ச நேரத்தில் அந்தக் குரூப்பில் வேறு யாரும் பேச முடியாதபடி விஜயராணி பூட்டிவிட்டாள். சரி, வாயையுமா பூட்டமுடியும்? திங்கட்கிழமை அம்சவள்ளி வேலைக்குப் போகவில்லை. பள்ளி வாசலில் காரைவிட்டு இறங்கிய விஜயராணியை மறித்து, எல்லார் முன்னிலையிலும் அதே கேள்வியைக் கேட்டாள்.

"சிஸ்டர், ப்ளீஸ், ஆபீஸ்ல டிஸ்கஸ் பண்ணலாம்," என்றாள் விஜயராணி.

அம்சவள்ளி நகரவில்லை. சுற்றிலும் கூட்டம் கூடியது. விஜயராணிக்கு முகம் சிவந்து சூடேறிவிட்டது.

"என்னாக்கா இது, நடுரோட்டுல நின்னு மானத்த வாங்குறீங்க? வேணும்னா செஞ்சேன்? பாடாங்ல தண்ணி நிக்குது, தஞ்சோங் காராங்குக்குப் போங்கன்னு ஒங்ககிட்ட சொல்ல மறந்துட்டேன் லா!"

அச்சு அசல் லயத்துப் பேச்சு.

"இதத்தான் கேட்டேன்," என்றாள் அம்சவள்ளி. "வெள்ளிக்கிழமையே இப்படி ஒரு வார்த்த சொல்லியிருந்தா எம்பிள்ள ஓடியிருப்பா."