வட்டை வழியில் புதைந்த செருப்பு

விரித்திருந்த வீதிப் பதிவேட்டின் நடுவில் மிஸி ஒரு செருப்பை வைத்தார். சேறு அப்பிய ஒற்றைச் செருப்பு. "மற்றது நீங்க எழுதின வட்டை வழியில புதைஞ்சு போச்சு, தம்பி" என்றார். இரண்டு காலும் வெறுங்கால்.

மிஸி எங்கள் பகுதியின் மருத்துவமாது. வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணித் தாய்மாரைப் பார்ப்பவர். நான் வாவிக்கு மேற்கே ஒரு பிரதேச சபையில் தொழில்நுட்ப உத்தியோகத்தர். வீதிகளை வகுப்பது என் வேலை. அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் இருந்தது. பட்டினத்துக்குப் போவது பெருவீதி, ஊரை ஊரோடு சேர்ப்பது ஒரு வகுப்பு, வீட்டு வாசலில் விடுவது ஒரு வகுப்பு, கடைசியில் வயல் வழி, ஊர்ப் பேச்சில் வட்டை வழி. வயல் வழியில் உழவு மெசின் போனால் போதும். கிறவல் கொட்டுவதும் மதகு கட்டுவதும் மற்றவற்றுக்குத்தான்.

அந்த வழியை நான் நெல் வெட்டுக்காலத்தில், தரை காய்ந்து கிடந்தபோது அளந்திருந்தேன். நெல் ஏற்றிய மெசின்கள்தான் கண்ணில் பட்டன. கூட வந்த வயல் சொந்தக்காரப் போடியார், "இது வட்டைக்குப் போற வழிதானே" என்றார், அப்படியே எழுதிக்கொண்டேன். தூரத்தில் தெரிந்த கூரைகளைக் காவலுக்குத் தங்கும் வாடிகள் என்று நினைத்துவிட்டேன். அவை பதினொரு வீடுகள். வருஷம் முழுக்க ஆட்கள் குடியிருந்தார்கள்.

"அகலத்த அளந்தீங்க, நீளத்த அளந்தீங்க. ஆர் போறாங்க எண்டு பாத்தீங்களா? அங்க ஒரு பிள்ளத்தாச்சி மார்கழியில பெறப்போறா. மழ விழுந்தா அம்புலன்ஸ் மெயின் ரோட்டோட நிண்டிரும். அவவ மெசின் பெட்டியில குலுக்கிக்கொண்டு வாறதோ?"

எனக்குக் கோபம்தான் வந்தது. மிஸி சொன்னது பிழை என்று காட்டவே மறுநாள் விடிய, போறவர்களைக் குறிக்கக் கொப்பியோடு போய் அந்த வழியின் வாய்க்காலடியில் இருந்தேன். ஐப்பசி முதல் மழை பெய்திருந்தது. பள்ளிப் பிள்ளைகள் சப்பாத்தைக் கையில் பிடித்தபடி போனார்கள். பால்காரர் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார். பிறகு அந்தப் பெண், வயிற்றைத் தாங்கிப் பிடித்தபடி கிளினிக்குக்கு நடந்து வந்தாள். சேற்றில் அவள் கால் வழுக்க, ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். அட, என்ன மனுசன் நான்! வெட்கமாக இருந்தது.

சபைக் கூட்டத்தில் எழுந்து, பிழை என்னுடையது என்று சொன்னேன். "அப்ப மற்ற ரோட்டுகளயும் இப்பிடித்தான் எழுதினீங்களோ?" என்று ஒருவர் நக்கலடித்தார். "ஓம், எல்லாத்தையும் திரும்பப் பாக்கத்தான் வேணும்" என்றேன். பதிவேட்டில் அந்த வயல் வழி குடியிருப்பு வீதியானது. அடைமழைக்கு முன்னரே மதகும் கிறவலும் போட்டு முடித்தோம். மார்கழியில் அம்புலன்ஸ் வாசலுக்கே போய் அவளை ஏற்றியது. பெண் குழந்தை. அதற்குப் பிறகு, மழைக்காலத்தில் ஒருமுறை நடந்து பார்க்காமல் எந்த வழிக்கும் நான் வகுப்பு எழுதியதில்லை.

இப்போது அது கொங்கிறீட் வீதி. போன மாதம், ஓய்வுபெற்றுவிட்ட மிஸியை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு அந்த வீதியால் போனேன். அந்தக் குழந்தை இன்று பள்ளிக்கூடப் பிள்ளை. சைக்கிள் மணியை அடித்து எங்களையே ஒதுங்க வைத்துவிட்டுப் பறந்தாள். மதகடியில் மிஸி நிறுத்தச் சொன்னார். இறங்கி, காலால் கொங்கிறீட்டைத் தட்டிப் பார்த்தார்.

"இதுக்குள்ளதான் என்ட மற்றச் செருப்புக் கிடக்கு, தம்பி. கிடக்கட்டும். கிளறிப்போடாதீங்க."