சுபஹுக்குப் பிந்திய வேலை

எங்கள் ஆய்வுகூடத்தில் இரவு ஆண்களுக்கு, விடியற்காலை பெண்களுக்கு. இதை யாரும் எழுதி ஒட்டவில்லை. கல்முனைப் பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றில் நான் வேலைக்குச் சேர்ந்தபோதே அப்படித்தான் இருந்தது. பதவிப் பெயர் மட்டும் எல்லோருக்கும் ஒன்று: மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர். சொல்லி முடிக்க மூச்சு முட்டும். படித்த படிப்பும் ஒன்று, எழுதிய சோதனையும் ஒன்று, அடிப்படைச் சம்பளமும் ஒன்று. மாதக் கடைசியில் வருகிற சம்பளச் சிட்டையில் மட்டும் ஆண்களுடையதில் ஒரு வரி அதிகமாக இருக்கும். இரவு அழைப்புக் கடமைக்கான கொடுப்பனவு. நாங்கள் அதை ‘ஒன்கோல் காசு’ என்போம்.

ஒன்கோல் என்றால் பின்னேரம் தொடங்கி அடுத்த நாள் எட்டு மணி வரை ஒருவர் ஆய்வுகூடத்து அறையில் தங்குவது. பரிசோதனைக்கு அவசரமாக இரத்தம் வந்தால் எழும்பிப் பார்ப்பார். வராவிட்டால் படுத்திருப்பார். பெண்களை அதில் போடுவதில்லை. “சகோதரிமாரை ராவில கஷ்டப்படுத்தக் கூடா” என்பார் எங்கள் பொறுப்பாளர். ஆடு நனையுதென்று ஓநாய் அழுத கதைதான். ஆனாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும், எங்களில் ஒருத்திக்கும் இரவுக்கு வர ஆசை இருக்கவில்லை. ஊர் கதைக்கும், வீட்டில் கதைப்பார்கள், எல்லாவற்றையும் விட எனக்கு என் நித்திரை பெரிது.

விடியற்காலை வேலையைத் தொடக்கிவைத்தது ராத்தா. என்னைவிட மூத்தவர், என் பக்கத்து இருக்கை. ராத்தா என்றால் அக்கா. என் கூடப் பிறந்தவர் அல்ல, ஆனால் ஆய்வுகூடத்தில் எல்லோருக்கும் அவர் ராத்தாதான். நான் வருவதற்கு முன்பு ஒரு நாள், சவளக்கடைப் பக்கத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்த வயல்காரப் பெண் ஒருத்தி, இரத்தத்தில் சீனி பார்ப்பதற்காக வெறும் வயிற்றோடு எட்டு மணி வரை காத்திருந்து, நடைபாதையிலேயே மயங்கி விழுந்துவிட்டாள். ராத்தாதான் தூக்கியிருக்கிறார். அடுத்த நாள் விடியுமுன் சுபஹ் தொழுத கையோடு வந்து கதவைத் திறந்துவிட்டார். முதல் பஸ்ஸில் வருகிற சீனி வருத்தக்காரர்களிடம் இரத்தம் எடுத்து, “போய் ஏதும் தின்னுங்க” என்று அனுப்பிவிடுவார். எட்டு மணிக்கு மற்றவர்கள் வரும்போது வரிசை பாதி கரைந்திருக்கும்.

பிறகு மற்றப் பெண்களும் முறை வைத்து வரத் தொடங்கினார்கள், வேலைக்குச் சேர்ந்ததும் நானும். அதுவரைக்கும் அது நல்ல காரியம். எப்போது கடமையானது என்று கேட்டால் எனக்கே தெரியாது. ஒரு நாள் என் பிள்ளைக்குக் காய்ச்சல். நான் எட்டு மணிக்கு வந்தேன். பொறுப்பாளர் வாசலிலேயே நின்றார். “என்ன தங்கச்சி, காலையில ஆளைக் காணல்ல? சனம் நிக்கிது” என்றார். கடுமையாகச் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு எனக்கு விளங்கிவிட்டது, இது இனி எங்கள் தலையில். உள்ளே ஒன்கோலில் இருந்த ஆள் முகம் கழுவிக்கொண்டிருந்தார். அவருடைய கடமையும் எட்டு மணி வரைக்கும்தான். அவருக்குக் காசு, எனக்குக் கேள்வி.

நான் இதை எல்லோரிடமும் கதைத்துக்கொண்டு திரிந்தேன். ராத்தா மட்டும் சிரிப்பார். “உன்ட வாய்க்கு ஒரு பூட்டு வாங்கணும் புள்ள” என்பார். அவருக்கு அப்போது அந்தக் காசு தேவையாக இருக்கவில்லை. மருதமுனையில் அவருடைய கணவருக்குப் புடவைக் கடை இருந்தது. மூத்த மகளைக் கட்டிக்கொடுத்து, எங்கள் வழக்கப்படி இருந்த வீட்டை அவளுக்கே எழுதிவிட்டு, இளைய மகளுக்கு வேறு வளவில் வீடு கட்டத் தொடங்கியிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு இல்லாமல் கலியாணம் இல்லை. மாப்பிள்ளை வந்து குடியேறுவது பெண் வீட்டில்தான்.

சுவர் எழும்பிக் கூரை போடுவதற்கு முன்னால் அவருடைய கணவர் மௌத்தாகிவிட்டார். கடையில் குந்தியிருந்த மனிதர், அப்படியே சரிந்தார், உயிர் போய்விட்டது. ராத்தா நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இத்தா இருந்து முடித்து வேலைக்குத் திரும்பி வந்தபோது ஆளே பாதியாகியிருந்தார். கடையைக் கடன்காரர்களுக்குக் கொடுத்தாயிற்று. இளையவளுக்குச் சம்பந்தம் பேசி முடித்திருந்தார்கள், நல்ல இடம். மாப்பிள்ளை வீட்டார் ஹஜ்ஜுப் பெருநாள் கழியும் வரை பொறுப்பதாகச் சொன்னார்கள். வங்கியில் கடன் கேட்டதற்கு, சம்பளச் சிட்டையில் உள்ளது போதாது என்றுவிட்டார்களாம். அதைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். “நீ செல்லித் திரிஞ்சாய்தானே புள்ள, அந்தக் காசு. அது எங்களுக்கும் கெடைக்குமா?”

கிடைக்கும் என்றேன். நியாயம் எங்கள் பக்கம். பெண்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கேட்டோம்: நாங்கள் வருகிற விடியற்காலை நேரமும் ஆண்களின் ஒன்கோல் நேரமும் ஒரே நேரம், ஒரே வேலை, ஆகவே காசும் ஒன்றாக இருக்க வேண்டும். தொழிற்சங்கத்தில் இருந்தவர்களும் ஆண்கள்தான், முதலில் முகத்தைச் சுளித்தார்கள். “நாங்க நித்திரை முழிக்கிறம், நீங்க நித்திரை கொண்டுட்டு வாறீங்க” என்றார் ஒருவர். இரவில் மணி அடிக்கிறதைவிட அவருடைய குறட்டைதான் அதிகம் கேட்கும் என்று ஆஸ்பத்திரிக்கே தெரியும். அதை அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். அதற்குப் பிறகு அவர் என்னோடு கதைப்பதை விட்டார்.

மேலிடத்திலிருந்து விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார். வந்தது நோன்பு காலத்தில். வயது போன மனிதர், சாந்தமாகத்தான் கதைத்தார். அவர் வருவதற்கு முதல் நாள் ராத்தாவை மூலையில் இருத்திப் பாடம் சொன்னேன். “ராத்தா, நம்மள வரச் சொன்னது பொறுப்பாளர். வராட்டி கேள்வி கேட்டதும் அவர்தான். அதை மட்டும் செல்லுங்க. வேற ஒண்டும் செல்லாதீங்க.” “ஓம் புள்ள, ஓம்” என்றார். நான் சொல்லச் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. என்னிடம் பொறுப்பாளர் கேட்டது போல் எல்லோரிடமும் கேட்டிருக்கிறார், ராத்தாவிடமும் கேட்டிருக்கிறார்.

எங்களில் மூத்தவர் என்பதால் ராத்தாவைத்தான் அதிகாரி முதலில் கூப்பிட்டார். நானும் பக்கத்தில் இருந்தேன். பெயர், சேவைக்காலம் எல்லாம் கேட்டார். பிறகு, “இந்த நேரத்துக்கு வரச் சொல்லி உங்களுக்கு யாரம்மா உத்தரவு போட்டது?” என்றார்.

“ஒருத்தரும் இல்ல சேர். நானாத்தான் வந்தன்” என்றார் ராத்தா.

எனக்குத் தலையில் இடி விழுந்தது. “பிறகு பொறுப்பாளர்தானே ராத்தா…” என்று வாயைத் திறந்தேன். “உங்களைக் கேக்கல்ல” என்றார் அதிகாரி. அவர் கேட்டதும் நியாயமான கேள்விதான். “அப்ப என்னத்துக்காக வந்தீங்க?” என்று மறுபடி ராத்தாவைக் கேட்டார்.

“பசியோட இரிக்கிற சனம் சேர். நன்மைக்காகத்தான் செஞ்சன். அல்லாஹ்வுக்காக எண்டு மனசில நிய்யத்து வச்சித்தான் கதவைத் தொறந்த.”

அதிகாரி தலையாட்டி எழுதிக்கொண்டார். அவருக்கு ராத்தாவில் மரியாதை கூடிவிட்டது, அது முகத்திலேயே தெரிந்தது. அதற்குப் பிறகு நாங்கள் என்ன சொன்னோம், எவ்வளவு சொன்னோம் என்பது கணக்கில் வரவில்லை. நான் பொறுப்பாளர் கேட்டதைச் சொன்னேன். பொறுப்பாளரைக் கேட்டார்கள். அவர் “சகோதரிமார் விருப்பத்தோட செய்யிற சேவைதான் சேர், நான் அன்பாக் கேட்டிருப்பன்” என்றார். அவர் என்ன சொல்லுவார்.

வெளியே வந்ததும் ராத்தாவைப் பிடித்து ஏசினேன். நோன்பு வாய் என்றும் பார்க்கவில்லை. “எல்லாத்தையும் கெடுத்திட்டீங்களே ராத்தா. பொறுப்பாளர் கேட்டதும் உண்மைதானே, அந்த உண்மையைச் செல்லியிருக்கலாமே?”

அவர் சுவரோடு சாய்ந்து நின்றார். “தொடங்கினது ஆரு எண்டுதானே கேட்டார். நிய்யத்த மாத்திச் செல்ல எனக்கு நாக்கு வரல்ல புள்ள. அல்லாஹ்வுக்காக எண்டு செஞ்சத, பொறுப்பாளருக்காகச் செஞ்ச எண்டு எப்பிடிச் செல்லுற? நோன்போட வேற.”

“அப்ப ஏன் காசு கேட்டுக் கையெழுத்துப் போட்டீங்க?”

“கூரை போடணுமே” என்றார். அழுதுவிட்டார். நான் அப்போதும் கோபமாகத்தான் இருந்தேன். எங்கள் பெண்களைப் போல் தன் வாயாலேயே தன் கையை வெட்டிக்கொள்கிற ஆட்களை வேறு எங்கே காண்பது. சந்தையில் மீன் விற்கிறவன்கூட இரக்கப்பட்டுத்தான் விற்றேன் என்று சொல்லிக் காசை விட மாட்டான்.

நோன்புப் பெருநாள் முடிந்து முடிவு வந்தது. பொறுப்பாளர் எல்லோரையும் கூட்டி வாசித்தார். பெண்கள் செய்தது தன்னார்வ சேவை, பாராட்டுக்குரியது, கொடுப்பனவுக்கு உரியது அல்ல. அது நான் எதிர்பார்த்ததுதான். இரண்டாவதை நான் எதிர்பார்க்கவில்லை. நோயாளிகளுக்கு இவ்வளவு அவசியமான ஒரு வேலையைத் தன்னார்வத்தில் விடுவது சரியல்லவாம். ஆகவே இனிமேல் அது உத்தியோகபூர்வக் கடமை. ஒன்கோலில் உள்ளவர் செய்ய வேண்டும், அதற்காக ஒன்கோல் காசையும் கூட்டியிருக்கிறார்கள். எங்கள் வேலைக்குச் சம்பளம் வந்துவிட்டது, எங்களுக்கு வரவில்லை. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று சொல்வார்களே, இது கையிலிருந்து பறித்துப் பக்கத்து வாயில் வைத்த கதை.

“அப்ப எங்களையும் ஒன்கோல்ல போடுங்க” என்றேன்.

“போடலாம் தங்கச்சி. பின்னேரத்தில இருந்து தங்கணும். காலையில மட்டும் எண்டு பாதியாப் பிரிக்க ஏலா” என்றார் பொறுப்பாளர்.

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். என் கணவர் என்ன சொல்லுவார் என்று எனக்குத் தெரியும், நான் வாயை மூடினேன். ராத்தா மட்டும், “என்னப் போடுங்க. நான் தங்குறன்” என்றார். இவ்வளவு காலத்தில் எங்கள் ஆய்வுகூடத்தில் இரவு தங்குவதாகச் சொன்ன ஒரே பெண் அவர்தான். அதைச் சொல்லும்போது அவருடைய குரல் கொஞ்சமும் ஆடவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது, என் கோபமெல்லாம் அந்த இடத்திலேயே போய்விட்டது.

எங்கள் ஊரில் செய்தி ஓட்டோவைவிட வேகமாகப் போகும். அந்தக் கிழமைக்குள் மாப்பிள்ளையின் உம்மா ராத்தாவைத் தேடி வந்துவிட்டார். தேத்தண்ணியைக்கூடக் குடிக்கவில்லையாம். “நீங்க ராவில ஆம்புள ஆக்கள் இரிக்கிற எடத்தில தங்கினா, நாளைக்கு எங்கட மகன் சபையில எப்பிடி நிமிர்ந்து நிக்கிற?” என்று கேட்டாராம். ராத்தா அடுத்த நாளே வந்து பெயரை எடுத்துவிட்டார். மகளுக்காகத்தானே தங்க நினைத்தது, மகளுக்கே அது தடையென்றால் என்ன செய்வது என்றார்.

வங்கி கடன் தரவில்லை. ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது, போனது. சுவருக்கு மேலே கூரை ஏறவில்லை. மாப்பிள்ளை வீட்டார் இன்னும் கொஞ்சம் பொறுத்தார்கள், அதையும் சொல்ல வேண்டும். பிறகு, மகனுக்கு வயது போகிறது என்று ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டு, சாய்ந்தமருதில் கட்டி முடித்த வீட்டோடு ஒரு பெண் எடுத்தார்கள். ராத்தாவின் மகள் ஒரு சொல்லும் சொல்லவில்லையாம். அதுதான் தாங்க முடியாமல் இருக்கிறது என்றார் ராத்தா. ஏசினால் கேட்டுக்கொண்டு இருந்திருப்பேன், அவள் வந்து எனக்குச் சோறு போட்டுத் தருகிறாள் என்றார்.

அதற்குப் பிறகு ஒரு காலை. நான் எட்டு மணிக்குச் சற்று முன்னால் வந்தேன். இரத்தம் எடுக்கிற அறைக்கு முன்னால் வழமை போல் முதல் பஸ் சனம். உள்ளே புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு இரத்தம் எடுத்துக்கொண்டிருந்தார். நல்ல பிள்ளை, கை மெதுவு. வெளியே நீள மர வாங்கில் நோயாளிகளோடு நோயாளியாக, கறுப்பு அபாயாவில் ராத்தா குந்தியிருந்தார். சீனி பார்க்க வந்திருக்கிறாரோ என்று பயந்துபோனேன்.

“என்ன ராத்தா, சுகமில்லையா?”

“இல்ல புள்ள. சுபஹ் தொழுதிட்டு இரிக்க ஏலாமப் போச்சி. சும்மா ஒரு கை குடுப்பம் எண்டு வந்தன்.” அறைப் பக்கம் தலையை அசைத்தார். “தம்பி நல்ல மரியாதையாத்தான் சென்னார். ‘நீங்க எட்டுக்கு வந்தாப் போதும் ராத்தா, இது இப்ப எங்கட ட்யூட்டி, நீங்க செஞ்சா எங்களுக்குத்தான் கேள்வி வரும்’ எண்டார்.”

“அவன் கெடக்கான். வீட்ட போய் நித்திரையக் கொள்ளுங்க” என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. முன்னால் நின்ற சனத்தையே பார்த்துக்கொண்டு, “காசு இல்ல எண்டாங்க, சரி எண்டன். புள்ளட கலியாணம் போச்சி, அதையும் அல்லாஹ்ட நாட்டம் எண்டு பொறுத்திட்டன். எனக்கெண்டு அந்த நன்மை ஒண்டாவது இரிக்கி எண்டு நெனச்சன். இப்ப அதைச் செய்யவும் எனக்கு அனுமதியில்லையாம்” என்றார்.

எட்டு மணியாகும் வரை நானும் அவருக்குப் பக்கத்தில் அந்த வாங்கிலேயே குந்தியிருந்தேன்.