நாற்பத்தாறோடு நின்ற டீச்சர்

கடைசிப் பக்கத்தை வாசித்து முடித்ததும் நுஹாத் டீச்சர் சரித்திரப் புத்தகத்தை மூடி மேசை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு வகுப்பைப் பார்ப்பார். "அவ்வளவுதான் பிள்ளைங்களா. நாற்பத்தாறுல அந்நியப் பட்டாளம் கப்பலேறிப் போயிடுச்சு. அதுக்கப்புறம் லெபனான்ல ஒண்ணுமே நடக்கலை. நான் அறுபத்தஞ்சுல பொறந்தவ. புத்தகத்துப்படி இன்னும் பொறக்கலை. பொறக்காத டீச்சர்கிட்ட யாரும் சந்தேகம் கேக்கக் கூடாது."

சைதா நகரத்துப் பெண்கள் பள்ளியில் முப்பத்துமூன்று வருடமாக, ஒவ்வொரு மே மாதமும் இதே பேச்சு. முன் பெஞ்சில் இருக்கும் பெண்களில் பாதிப் பேரின் அம்மாக்களும் இதைக் கேட்டவர்கள். அதனால் டீச்சர் வாயைத் திறப்பதற்குள் பிள்ளைகளே சொல்லி முடித்துவிடுவார்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். சரித்திரம் திரும்ப வரும் என்பதற்கு வேறு சாட்சி தன்னிடம் இல்லை என்பார்.

குட்டையான, கனத்த உருவம். மாடிப்படி ஏறும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று அறிவிப்புப் பலகையைப் படிப்பார். அதில் போன வருடத்து விளையாட்டு விழா அறிவிப்பைத் தவிர ஒன்றும் இருக்காது. "மூச்சு வாங்கறேன்னு சொல்ல வெக்கமா இருக்கு, அதான் படிக்கறேன்" என்று அவரே காட்டிக்கொடுத்துவிடுவார். தலைத்துணியை என்றைக்குமே நேராகக் கட்டியதில்லை. முடிச்சு இடது காதை நோக்கியே போகும். காலையில் துறைமுகத்துப் பக்கம் ஒரு கடையில் நின்றபடியே மொச்சைக் குழம்பும் ரொட்டியும் சாப்பிட்டுவிட்டு, டாக்டரிடம் தயிர் மட்டும்தான் என்று சொல்வார்.

அந்தப் புத்தகம் அவருக்கு நல்ல மறைவிடமாகவும் இருந்தது. மீன் வாங்கப் போனால் மீன்காரர், எழுபத்தைந்தில் தொடங்கிப் பதினைந்து வருடம் நடந்த உள்நாட்டுச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்று கேட்பார். டீச்சர், "நான் நாற்பத்தாறு வரைக்கும்தாம்பா. மிச்சத்துக்கு அடுத்த கடையில கேளு" என்று மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்கத் தொடங்கிவிடுவார்.

அப்படிப்பட்டவரைத்தான், நாற்பத்தாறைத் தாண்டி ஒரே பாடப்புத்தகம் எழுத வேண்டும் என்று அரசாங்கம் அமைத்த குழுவில் போட்டார்கள். குழுவில் பதினொரு பேர். ஒவ்வொரு மதத்துக்கும் பிரிவுக்கும் எண்ணி எண்ணி நாற்காலி போட்டிருந்தார்கள். "சுன்னி, தெற்கத்திக்காரி, பொம்பளை. மூணு ஒதுக்கீட்டை ஒரே நாற்காலியில அடைச்சுட்டாங்க. நான் குண்டா இருக்கறது நல்லதாப் போச்சு" என்பது அவருடைய விளக்கம்.

வியாழன்தோறும் வேனில் பெய்ரூத் போவார். முதல் குளிர்காலம் முழுக்க, நடந்ததற்கு என்ன பெயர் வைப்பது என்றே பேசினார்கள். ஒருவர் போர் என்றார். இன்னொருவர் 'சம்பவங்கள்' போதும் என்றார். மூன்றாமவர், அது நம் மண்ணில் பிறத்தியார் நடத்திய போர் என்று மேசையைத் தட்டினார். சண்டை முற்றும்போதெல்லாம் டீச்சர் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பார். தலைவர் வஜீஹ், ஓய்வுபெற்ற கல்வி ஆய்வாளர், அதற்காகவே அவரை மதித்தார்.

நான்காம் வருடம் எண்பத்தைந்தின் வசந்தத்துக்கு வந்தார்கள். சைதாவுக்குக் கிழக்கே மேட்டிலிருந்த கிறிஸ்தவக் கிராமங்கள் சண்டையில் ஒரே நாளில் காலியாயின. அடுத்த நாட்களில் கீழேயிருந்து சனங்கள் ஏறிப் போய் வீடுகளுக்குள் நுழைந்தார்கள். 'கொள்ளையடித்தனர்' என்று வரைவில் இருந்தது. எங்கள் ஊர்க்காரன் கொள்ளைக்காரன் இல்லை என்று ஒருவர் எழுந்தார். அந்தச் சொல் இல்லாவிட்டால் கையெழுத்துப் போட மாட்டேன் என்று இன்னொருவர் எழுந்தார். நுஹாத் டீச்சர் காப்பியை உறிஞ்சிக்கொண்டே, "'பொருட்கள் இடம் மாறின'னு எழுதிடுங்களேன். யாரு மேலயும் பழி வராது, பொருள் மேலதான் வரும்" என்றார்.

மேசை முழுக்கச் சிரித்தது. விளையாட்டாகச் சொன்னதை வஜீஹ் அப்படியே ஏற்றுக்கொண்டார். சிரிக்காதவர் ஒருவர்தான். தானியோஸ், ஐம்பது வயது வாத்தியார், அந்த மேட்டுக் கிராமங்களில் ஒன்றில் பிறந்தவர். கையெழுத்து நன்றாக இருந்ததால் கூட்டக் குறிப்பு எழுதும் வேலை அவருக்கு. 'பொருட்கள் இடம் மாறின' என்று முத்து முத்தாக எழுதி, கீழே கோடும் போட்டார்.

வேனில் திரும்பும்போது டீச்சர் அந்த வாக்கியத்தைத் தனக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. அந்த வாரம் கடைசிப் பக்கம் வந்தபோது, வழக்கமான பேச்சைப் பிள்ளைகள்தான் சொன்னார்கள். அவர் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வியாழக்கிழமை, முடிந்துபோன பத்தியைத் திரும்பத் திறக்க வேண்டும் என்றார். ஏன் என்று வஜீஹ் கேட்டார்.

"ஏன்னா நானும் போனேன். எனக்கு அப்போ இருபது வயசு. பெரியம்மாவோட போனேன். எல்லாரும் அடுப்பு, ஃபேன்னு தூக்கிட்டு வந்தாங்க. நான் படிச்சவ இல்லையா, அட்லஸ் எடுத்தேன். பெரிசு, தோல் அட்டை. அதை வெச்சுத்தான் வாத்தியார் வேலைக்குப் பரீட்சை எழுதினேன், முதல் மார்க். உள்ளே ஒரு பிள்ளையோட பேரு எழுதியிருந்துச்சு. அது மேல வெள்ளைத்தாள் ஒட்டினேன். சரித்திரத்துல நான் பண்ணின முதல் திருத்தம் அதுதான்."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அவர்கூடச் சிரிக்கவில்லை. "அட்லஸ் தானா நடந்து வரலை, வஜீஹ் சார். எடுத்தாங்கன்னு எழுதுங்க."

சொந்த விஷயங்கள் குறிப்பில் ஏற முடியாது என்று வஜீஹ் கூட்டத்தைக் காப்பிக்குக் கலைத்தார். பிறகு மூன்று வாரம் இழுத்து, ஏழுக்கு நாலு என்ற கணக்கில், 'கீழூர் மக்கள் வீடுகளிலிருந்த பொருட்களை எடுத்துச் சென்றார்கள்' என்ற வாக்கியம் தேறியது. புத்தகம் இன்னும் அச்சுக்குப் போகவில்லை. சைதாவில் இரண்டு உறவினர்கள் டீச்சரோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். பெரியம்மா மகன் ஒருவன், குடும்ப மானத்தை மூன்று ஒதுக்கீட்டுக்கு விற்றவள் என்றானாம். கணக்கைச் சரியாகத்தான் சொல்கிறான் என்று டீச்சர் ஒப்புக்கொள்கிறார்.

அட்லஸ் கதையைச் சொன்ன அன்றைக்கு, எல்லோரும் காப்பிக்கு எழுந்து போனபின் அறையில் தானியோஸ் மட்டும் இருந்தார். பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தவர், எந்த வீடு என்று கேட்டார். மாதா கோயிலைத் தாண்டி மூன்றாவது, மாடியில் இரும்புக் கம்பி போட்டது என்றார் டீச்சர்.

"அது எங்களது இல்லை. எங்களது அதுக்குக் கீழே, திருப்பத்துல."

டீச்சர், "அந்தத் திருப்பத்து வீடு தெரியும். பெரியம்மா வர்ற வரைக்கும் அந்த வீட்டு வாசல்லதான் உக்காந்து அட்லஸைப் புரட்டிட்டிருந்தேன். உள்ளே எங்களுக்கு முன்னாடியே ஆளுங்க போயிட்டாங்க" என்றார்.

தானியோஸ் கோபப்படுவார் என்று அவர் எதிர்பார்த்திருக்க வேண்டும். கைப்பையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"எனக்குப் பத்து வயசு, டீச்சர். திரும்பிப் போனப்போ வெறும் தரைதான் இருந்துச்சு. ஒரு போட்டோகூட இல்லை. அம்மா கதவு பச்சைங்கறாங்க, அண்ணன் நீலங்கறான். நீங்க பார்த்தீங்களே, எப்படி இருந்துச்சு?"

முப்பத்துமூன்று வருடத்தில் யாரும் அவரிடம் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் மீன் செவுளைத்தான் பார்த்திருப்பார். இப்போது தலைத்துணியை ஒருமுறை இழுத்துவிட்டுக்கொண்டு, பச்சைதான், ஆனால் அடியில் நீலம் தெரிந்தது, சாயம் உரிந்திருந்தது என்றார். அம்மாவும் அண்ணனும் இரண்டு பேரும் சரி.

பையைக் குடைந்து பென்சில் எடுத்தார். தானியோஸ் எழுதிய தாளைத் திருப்பிப் போட்டு, முதலில் தெருவை வரைந்தார். பிறகு திருப்பம், சுவர், சுவருக்கு மேலாகச் சாய்ந்திருந்த எலுமிச்சை மரம், கதவு. வாசலில் நாலு படி போட்டார். பென்சிலை நிறுத்தி, கண்ணை மூடி, கால் எங்கே ஊன்றியிருந்தது என்று யோசித்துப் பார்த்தார். ஒரு படியை அழித்து, மூன்றாக்கினார்.