எங்க போறேன்னு கேக்காதீங்க

வாசலைத் தாண்டும்போது யாராவது "எங்க போற?" என்று கேட்டுவிட்டால் போதும், என் தங்கச்சி திரும்பி வந்து உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்புவாள். எங்கள் பக்கம் எல்லோருக்கும் இது கொஞ்சம் உண்டு, "தூரமா?" என்றுதான் கேட்போம். அவளுக்கு மட்டும் வியாதி. மகனுக்குப் பார்த்த பெண்ணெல்லாம் தட்டிப்போனதற்கு, வழியில் எவளோ ஒருத்தி கேட்டதுதான் காரணம் என்று சத்தியமே செய்வாள். பையனுடைய வழுக்கையை அவள் கணக்கில் சேர்ப்பதில்லை.

சுனாமி வந்த மறு வருஷம், ஐப்பசி. மழைக்கு உப்பளத்தில் வேலை இல்லை. பெரிய முதலியார்சாவடியில் ஒரு பெண் இருப்பதாகத் தரகர் சொன்னார். பெண் மதியம் வேலைக்குக் கிளம்பிவிடும், அதற்குள் பார்த்துவிடுங்கள், வேறு இடத்திலும் கேட்கிறார்கள் என்றார். தங்கச்சி, நான், என்னோடு உப்பு வாரும் என் கூட்டாளி, மூன்று பேரும் கிளம்பினோம்.

"மூணு பேரா போனா ஆவாதேக்கா" என்றாள் தங்கச்சி.

கூட்டாளி வேதக்காரி. "எங்க மாதாவும் கூட வர்றாங்க. நாலு பேரு. நட" என்றாள்.

மரக்காணத்தில் பஸ் ஏறி உட்கார்ந்தோம். கண்டக்டர் வந்தார்.

"எங்கம்மா போவணும்?"

தங்கச்சி எழுந்துவிட்டாள்.

"அடியே, அவரு கேக்காம இன்னாடி பண்ணுவாரு? கைய பாத்து சோசியம் சொல்லுவாரா?" என்றேன்.

"கேட்டுட்டான்க்கா. எறங்கு."

டீக்கடையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த பஸ் ஏறினோம். இந்தக் கண்டக்டர் வாயைத் திறக்குமுன் கூட்டாளி கத்தினாள்: "மூணு முதலியார்சாவடி! நீ ஒண்ணும் கேக்காத, கிழிச்சு குடுத்துட்டுப் போ!"

அவரும் பயந்துபோய்க் கொடுத்தார். அனுமந்தையில் தெரிந்தவள் ஒருத்தி காலி மீன்கூடையோடு ஏறினாள். எங்களைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்.

"இன்னாக்கா, மூணு பேரும் எங்க கெளம்பிட்டீங்க?"

"நிறுத்துங்க!" என்று தங்கச்சி அலறிய அலறலில், யாருக்கோ பிரசவ வலி என்று டிரைவர் பிரேக் போட்டுவிட்டார். இறங்கும்போது அவர் என் நரைத்த தலையைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை.

ரோட்டோரம் நின்றோம். வெயில் ஏறிக்கொண்டே போனது, பஸ்ஸைக் காணோம். தங்கச்சி முகம் வாடிவிட்டது. "இந்த எடமும் போச்சுன்னா, இனிமே பொண்ணே பாக்காதன்னு பையன் சொல்லிட்டான்க்கா" என்றாள். அதற்குமேல் அவளைக் கிண்டல் பண்ண எனக்கும் மனசு வரவில்லை. மீன் ஏற்றிக்கொண்டு பாண்டிக்குப் போகும் லோடு ஆட்டோ ஒன்று வந்தது. நடு ரோட்டில் போய் நின்றேன். டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"வாயத் தொறக்காத! முதலியார்சாவடி. எறக்கி வுட்டுட்டு அப்புறம் எது வேணா கேளு."

ஐஸ் பெட்டிகளுக்கு நடுவில் பட்டுப்புடவையோடு உட்கார்ந்து போய்ச் சேர்ந்தோம். பெண் சாப்பாட்டுப் பையை மாட்டிக்கொண்டு, செருப்புப் போட்டு, படியிறங்கிவிட்டாள். தங்கச்சி பதறிக் குதித்தாள்.

"ஏம்மா, எங்க கெளம்பிட்ட?"

கேட்ட பிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டாள். கூட்டாளி சுவர்ப்பக்கம் திரும்பி முந்தானையைக் கடித்துக்கொண்டாள்.

பெண் எங்கள் மூவரையும், தங்கச்சி புடவையில் சொட்டிய ஐஸ் தண்ணீரையும் பார்த்தாள். செருப்பைக் கழற்றினாள்.

"கேட்டுட்டீங்களேம்மா. இனிமே உள்ள போயி, செத்த உக்காந்து, தண்ணி குடிச்சிட்டுத்தான் போவணும். நீங்களும் வாங்க."

தங்கச்சிக்குக் கண் நிறைந்துவிட்டது. "அக்கா, என்ன மாரியே இருக்குதுக்கா. இதான் என் மருமவ" என்று காதில் சொன்னாள்.

பெண் குடத்தில் தண்ணீர் மொண்டபோது அவள் தோள் குலுங்கியதையும், சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்ததையும் நான் பார்த்துவிட்டேன். அவள் யாரைப் போல் என்று எனக்குத் தெரியாதா? தாலி ஏறும்வரை நான் தங்கச்சியிடம் மூச்சே விடவில்லை.